மலையேறிய வார்த்தைகள்

இங்கிலீஷ் பேசும் தேசங்களில் ஒரு மந்திரியானவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வழியில்லாமல் எதிர்க்கட்சியாரிடம் அகப்பட்டுக்கொண்டால், அவரை 'ஸ்னூக்கர்' பண்ணிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வியாபாரி பங்கு மார்க்கெட்டில் சிக்கிக்கொண்டாலும் அதே சொல். வக்கீல் தன் கட்சிக்காரனின் வாக்குமூலத்தாலேயே வாயடைத்துப் போனாலும் அதே சொல். இதை நாள்தோறும் வழங்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது, இது நம் நீலகிரியின் மேல் உட்கார்ந்து சட்டம் வகுக்கப்பட்ட ஒரு விளையாட்டின் பெயர் என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. நம்மவர்களிலும் ஊட்டிக்குப் போய் ஏரியில் படகு விட்டுத் திரும்புகிறவர்கள் அநேகர். அந்த மலையின் மேல் வார்த்தைகள் உண்டான விதத்தை விசாரிக்கிறவர்கள் வெகு சிலர்.

1875-ம் வருஷத்து மழைக்காலத்தில், ஜபல்பூரில் முகாமிட்டிருந்த டெவன்ஷயர் ரெஜிமெண்டின் இளம் ஆபீஸர்கள் வெளியே போக வழியின்றி, பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி நின்று பந்தயங்கட்டிப் பொழுதைப் போக்கினார்கள். நெவில் சேம்பர்லின் என்ற வாலிபர், அப்போது வழக்கத்திலிருந்த ஆட்டத்தில் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடினால் என்னவென்று யோசனை சொன்னார். (பிற்காலத்தில் மூனிச்சில் ஹிட்லரிடம் ஸ்னூக்கர் ஆகிப்போன பிரதம மந்திரி இவரல்லர், பெயரொற்றுமைதான்.) ஊலிச் ராணுவக் கலாசாலையில் படித்து வந்த பீரங்கிப் படை இளைஞர் ஒருவர், அங்கே முதல் வருஷ மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்வது வழக்கமென்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு காதில் இருக்கும்போதே, ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சுலபமான பந்தொன்றைக் குழியில் தள்ளத் தவறினார். நீர்தான் அசல் ஸ்னூக்கர் என்று சேம்பர்லின் கூவினார். பிறகு அவர் மனம் நோகாதிருக்க, இந்த ஆட்டத்துக்கு நாமெல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்று சமாதானமும் சொன்னாராம். பெயர் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

சேம்பர்லின் ஆப்கன் யுத்தத்தில் காயமுற்று, பின்னர் சென்னை ராணுவத்தின் சேனாதிபதியான ஸர் பிரெடரிக் ராபர்ட்ஸிடம் உத்தியோகத்தில் அமர்ந்தார். சேனாதிபதிக்குக் கோடை வாசம் உதகமண்டலம். அங்கே ஊட்டி கிளப்பில் இந்த ஆட்டத்துக்கு ஒழுங்கான விதிகள் எழுதப்பெற்று, 1882-ம் வருஷத்தில் பில்லியர்ட்ஸ் அறையின் சுவரில் மாட்டப்பட்டன. அரை நூற்றாண்டு சென்றபின், ஆட்டத்தின் பிறப்பிடம் பற்றித் தகராறு கிளம்பியபோது, கிழவரான சேம்பர்லின் தாமே லண்டன் 'ஃபீல்ட்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இந்த விவரங்களையெல்லாம் சொன்னார். அது பிரசுரமானது 1938-ம் வருஷம் மார்ச் மாதத்தில். முதற்சாட்சியே கூண்டில் ஏறிச் சொன்னதால், இந்த வழக்கில் அதிக விவாதத்துக்கு இடமில்லை.

அடிக்க வேண்டிய பந்துக்கும் ஆடுகிறவன் பந்துக்கும் நடுவே வேறொரு பந்து மறைத்து நின்றால், நேராக அடிக்க வழியில்லை. அந்த நிலைக்கும் ஸ்னூக்கர் என்றே பெயர் ஏற்பட்டது. மேஜையிலிருந்து அந்தப் பொருள் வீதிக்கு இறங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளின் கேலிச் சொல் ஒன்று, ஒரு மழைக்காலத்துச் சோம்பலில் விளையாட்டாகி, மலைமேல் சட்டமாகி, பார்லிமெண்டு மட்டும் போய்விட்டது. இதில் எந்தப் பண்டிதருடைய அனுமதியும் கேட்கப்படவில்லை. இங்கிலீஷ்காரர்களிடம் நாம் கற்கத்தக்கவை பல உண்டு; அவற்றுள் ஒன்று, தங்கள் கொச்சைக்கு அவர்கள் வெட்கப்படாமல் அதன் பிறந்த நாளைத் தேடிக் குறித்துக்கொள்வது. நாமோ கொச்சை என்ற சொல்லைச் சொல்லும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

1841-ல் ஏற்பட்ட அந்தக் கிளப்பின் தூண்களையும் சுவரில் தொங்கும் மிருகத் தலைகளையும் பற்றி அநேகர் எழுதியிருக்கிறார்கள். விதிகள் மாட்டப்பட்ட காலத்தில் அந்த அறைக்குள் நம் தேசத்தார் பெரும்பாலும் தட்டேந்தியும் கிண்ணங்கழுவியுமே புகுந்தனர் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை பூர்த்தியாகும். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் ஒரு பாஷையை உண்டாக்கிக் கொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்றவர்கள் வேறொன்றை உண்டாக்கிக் கொண்டிருந்தார்கள். இரண்டும் இங்கிலீஷ்தான். இரண்டாவதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

முதலில் ஊரின் பெயர். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1819-ல் மலையேறினார். அதற்கு முன்பே அங்கே தோடர்களின் மந்து இருந்தது. ஒற்றைக்கல் மந்து என்பதுதான் மூலம் என்று சொல்வாருண்டு. 1821-ல் ஒரு வெள்ளைக்காரர் சென்னைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அது 'ஓட்டகிமண்ட்' என்ற தோரணையில் அச்சேறிற்று. அப்புறம் 'ஊடகமண்ட்' ஆயிற்று. நம் ஸம்ஸ்கிருதப் பிரியர்கள் அதை உதகமண்டலமாக்கி, நீர் சூழ்ந்த வட்டம் என்று வியாக்கியானமும் செய்தார்கள். வெள்ளைக்காரச் சோம்பேறி நாக்கு இரண்டு அசையோடு நிறுத்தி 'ஊட்டி' என்றது. பேத்தியைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவதுபோல் அவர்கள் கூப்பிட்ட அதே பெயரால், குடியரசின் ரயிலிலும் பஸ்ஸிலும் இன்று நாம் அனைவரும் அழைக்கிறோம். தோடர் மட்டும் யாரிடமும் கேட்காமல் தம் பெயரைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: 'ஸ்னூட்டி ஊட்டி' என்றொரு எதுகைப் பட்டமும் வெள்ளைக்காரரே சூட்டினார்கள். முகத்தில் நீண்ட மூக்கைக் குறிக்கும் கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது 'ஸ்னூட்டி'. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மற்றவரைப் பார்க்கிறவர் என்று பொருள். தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டதாகையால் நாம் ஆட்சேபிப்பதற்கில்லை.

சென்னை வெயிலுக்கு அஞ்சி அரசாங்கமே கோடைதோறும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிய அக்காலத்தில், ஜில்லா உத்தியோகஸ்தர்கள் சமவெளியில் வெந்துகொண்டிருக்க, அவர்களுடைய பத்தினிகள் மலைமேல் நடனத்துக்கும் குதிரைச் சவாரிக்கும் போவார்கள். அப்படிப்பட்ட சீமாட்டிகளைப் 'புல் விதவை' என்று வம்பு பேசுகிறவர்கள் அழைத்தார்கள். மலைமேல் பச்சைப் புல் இருக்கிறது, புருஷன் கீழே வறண்ட தரையில் கிடக்கிறான், ஆகவே புல் விதவை என்று அநேகர் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். கதை அழகாக இருக்கிறது, ஆனால் பொய். இங்கிலாந்தில் 16-ம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் உண்டு. நம் மலையை எந்த வெள்ளைக்காரரும் கண்ணால் காணாத காலம் அது. அப்போது அதற்குப் பொருளும் வேறு: கலியாணமாகாமல் பிள்ளை பெற்றவள். ஜெர்மானியரும் 'வைக்கோல் விதவை' என்கிறார்கள். அவர்களுக்கு ஊட்டி ஏது? பழைய வசைச் சொல்லுக்குக் கணவனைப் பிரிந்து வாழ்பவள் என்ற புதுப் பொருளை உறுதிப்படுத்தியது இந்திய மலைவாசம் என்று மட்டும் சொன்னால், அது நியாயமான தீர்ப்பாகும்.

நம் பாஷையில் 'வழக்கு' என்ற ஒரே சொல் கோர்ட்டு வியாஜ்யத்தையும் உலகோர் பேச்சையும் சேர்த்துக் குறிக்கிறது. இது தற்செயலாக நேர்ந்ததாயினும் பொருத்தமாகவே இருக்கிறது. சொல்லின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறவன் கோர்ட்டில் நிற்கிறவனைப் போல் ஆதாரம் காட்ட வேண்டும். ஓசை ஒற்றுமை ஆதாரமாகாது. இங்கிலீஷ் வார்த்தைகளெல்லாம் தமிழிலிருந்தே போயின என்று மேடைதோறும் முழங்கும் தேசாபிமானிகள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். அவர்களுடைய அபிமானத்தை நாம் மதிக்கிறோம்; அவர்களுடைய சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட முடியாது.

உதாரணமாக, ஒருவனுடைய தயவைச் சம்பாதிக்க இச்சகம் பேசுவதை இங்கிலீஷில் 'கறி ஃபேவர்' என்பார்கள். துரைக்கு நல்ல கறி சமைத்துப் போட்டுச் சலுகை பெற்ற சமையல்காரனைப் பற்றிய சொல் இது என்று ஒரு நண்பர் நம்மிடம் சத்தியம் செய்தார். உண்மையில் இது குதிரை லாயத்துச் சொல். குதிரையைத் தேய்த்துவிடுவதற்குப் பழைய இங்கிலீஷில் அந்த வினை. 'ஃபேவர்' என்பது தயவுமன்று; 14-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக் காவியமொன்றில் வரும் ஃபோவேல் என்ற குதிரையின் பெயர் மருவியது. அகம்பாவம் பிடித்த அந்தக் குதிரையைத் தேய்த்துவிட ராஜாக்களும் குருமார்களும் போட்டியிட்டார்களாம். நம் 'காக்காய் பிடித்தல்' காகத்தைப் பற்றியதன்று, கால் கை பிடித்தலே அப்படி மருவியது என்று பெரியோர் கூறுவதை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம். நமக்குச் சொந்தமான கறி, குழம்பில் ஊறும் கறி, சந்தேகமில்லாமல் அவர்கள் மேஜைக்கும் அகராதிக்கும் போயிருக்கிறது. அது போதும். குதிரையையும் சேர்த்துக் கேட்பது பேராசை.

'ஒரு டாம் கூட மதியேன்' என்று இங்கிலீஷ்காரர் சொல்வது, மொகலாயர் காலத்துத் 'தாம்' என்ற செப்புக்காசைக் குறித்தது என்பதும் இப்படிப்பட்ட கதையே. ஒரு சல்லிக்கும் மதியேன் என்று நாம் சொல்வதால், அவர்களும் காசைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. குன்னூரை அடுத்த ராணுவ முகாமுக்குப் பெயர் தந்த வெல்லிங்டன் பிரபு இந்தச் சொல்லைப் பிரபலப்படுத்தினார் என்பதும், அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் யுத்தம் செய்தவர் என்பதும் கதைக்கு மெருகூட்டின. ஆயினும் அகராதிக்காரர்கள் இதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அது வெறும் சாபச் சொல்லே. நம்முடைய காசும் இப்படியே. ரொக்கத்துக்கு இங்கிலீஷில் வழங்கும் 'காஷ்', பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் காசு தனியே போர்ச்சுகீசியர் வாய்வழி அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் ஏறி, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று 1818 வரையில் சென்னையில் செலாவணியாயிற்று. ஒரே உடை அணிந்த இரண்டு ஆட்கள். ஒருவர் செய்ததற்கு மற்றவரைப் பிடிக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. காலை இட்டிலியை நாம் 'டிபன்' என்கிறோம். ஹோட்டல் பலகைகளில் கொட்டை எழுத்தில் எழுதுகிறோம். இதைச் சுத்தத் தமிழென்றே எண்ணுகிற தாய்மார்கள் உண்டு. இது இங்கிலாந்துச் சாராயக் கடைச் சொல். வேளையல்லாத வேளையில் குடிப்பதையும் கொறிப்பதையும் 'டிஃபிங்' என்று 18-ம் நூற்றாண்டில் அங்கே கொச்சையாகப் பேசினார்கள். 1785-ல் பிரான்ஸிஸ் க்ரோஸ் தொகுத்த கொச்சை அகராதியில் அது இருக்கிறது. தாய்நாட்டில் அந்தச் சொல் மடிந்தே போயிற்று. இங்கே ஆபீஸர்களின் மத்தியானச் சிற்றுண்டியாகப் பிழைத்து, அவர்கள் கப்பலேறிய பிறகும் நம் அடுக்களையில் குடியிருக்கிறது. ஒருவர் வீட்டில் செத்த சொல் மற்றொருவர் வீட்டில் சம்சாரியாக வாழ்வது பாஷை உலகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

சென்னை ராஜதானி உத்தியோகஸ்தர்களுக்கு மற்ற ராஜதானியார் வைத்த பட்டம் 'மல்' என்பது. வங்காளத்தார் வேலைக்காரனை 'கோயீ ஹை' என்று கூவியதால் அதே அவர்களுக்குப் பட்டமாயிற்று. பம்பாயார் அவர்கள் ஊர்க் கருவாட்டின் பெயரால் 'வாத்து' ஆனார்கள். நம் ராஜதானியார் மிளகுத் தண்ணீரை ஓயாமல் குடித்ததால் 'மல்லிகடானி' ஆகி, அதுவும் குறுகி 'மல்' ஆனார்கள். பட்டாளத்தில் குற்றம் செய்த சோல்ஜரை அடைக்கும் அறைக்குக் 'கஞ்சி ஹவுஸ்' என்று பெயர். உள்ளே போடுவது கஞ்சி. நம் கரையோரத்துக் கட்டுமரம் அவர்கள் கப்பல்துறையை அடைந்ததும், சண்டைக்காரியான பெண்பிள்ளைக்குக் கேலிப் பெயராகவும் வழங்கிற்று; பூனையைக் குறிக்கும் அவர்கள் சொல் அதன் தலையில் ஒலிப்பதால்தான் இந்தப் பழி வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். தேவ்லாலி முகாமில் கப்பலுக்குக் காத்துச் சித்தம் கலங்கினவனை 'டூலாலி' என்றதும், நாம் சீமை என்பதற்குச் சமமான விலாயத் என்ற சொல்லை 'ப்ளைட்டி' ஆக்கிச் சொந்த ஊருக்கே பெயராக வைத்துக்கொண்டதும் வடநாட்டுக் கதைகள். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக்கியவர்கள் கர்னல் யூலும் டாக்டர் பர்னெலும். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். ஸரஸ்வதி மஹாலின் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதியவர். அவர் 1882-ல் காலமானார். புத்தகம் 1886-ல் வெளிவந்தது. 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்பது அதன் பெயர். இரண்டு இங்கிலீஷ் கனவான்களின் பெயர் போலத் தொனித்தாலும், மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்று மார்பிலடித்துக்கொண்டு போகிறவர்களின் துக்கக் குரலை வெள்ளைக்காரச் சிப்பாய் காது அப்படிக் கேட்டது. பிறருடைய அழுகை ஒருவனுடைய வேடிக்கையாவது எப்படி என்பதற்கு அந்தப் பெயரைவிடச் சிறந்த உதாரணம் புத்தகத்துக்குள்ளும் இல்லை. இருந்தாலும் நீதிபதி உத்தியோகத்தின் நடுவே, சமையற்கட்டிலும் சந்தையிலும் வழங்கிய சொற்களைச் சுவடிகளுக்குச் சமமாக மதித்து எழுதிவைத்த அந்த உழைப்பை வணங்காமலிருக்க முடியாது.

அந்தப் புத்தகத்தில் 'பட்லர் இங்கிலீஷ்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பு உண்டு. சென்னை ராஜதானி வேலைக்காரர்கள் பேசும் சிதைந்த இங்கிலீஷ் என்று விளக்கம். 'ஐ டெல்லிங்' என்றால் சொல்லுவேன் என்று பொருளாம். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன் என்று பொருளாம். 'ஃபேமிலி' என்றால் மனைவியாம். எஜமானர்களும் அதே பாஷையில் பதில் சொல்வதுதான் விசித்திரம் என்று முடிகிறது. இதைப் படித்து இங்கிலாந்தில் சிரித்திருப்பார்கள். நாம் சிரிப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். 'நாளைக்கு வந்து சொல்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தை எதிர்காலத்துக்கு வைத்து நாம் பேசுவதில்லையா? 'சொல்லியாயிற்று' என்பதில் உள்ள 'ஆயிற்று' அல்லவா அந்த 'டன்'? சம்சாரம் என்றும் குடும்பம் என்றும் மனைவியை நாம் குறிப்பதுதானே அந்த 'ஃபேமிலி'? அது சிதைந்த இங்கிலீஷன்று. எந்தப் பள்ளிக்கூடமும் கதவு திறக்காத மனிதர்கள், காதால் கேட்ட சொற்களைக் கொண்டு, தமிழ் இலக்கணத்தின் மேல் கட்டிய ஒழுங்கான பாஷை. மெக்காலே 1834-ல் சென்னையிலிருந்து 400 மைல் மனிதர் தோளிலேயே ஊட்டிக்கு வந்து சேர்ந்தார். நம் கல்வியின் தலைவிதியை நிர்ணயித்த குறிப்பை அடுத்த வருஷம் கல்கத்தாவில் எழுதினார். அவரைச் சுமந்த தோள்களும், அவருக்குத் தேநீர் ஊற்றிய கைகளும் அவருடைய பாடத்திட்டத்துக்குக் காத்திராமலேயே இங்கிலீஷைக் கற்றுக்கொண்டிருந்தன.

அந்தப் பட்லர்கள் யார்? பெரும்பாலும் ஜாதி ஹிந்துக்கள் தொட மறுத்த ஜனங்கள். அவர்களிலிருந்து வந்தவரே அயோத்திதாச பண்டிதர். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகவே திருக்குறள் ஏட்டுப்பிரதி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். பண்டிதர் வளர்ந்தது நீலகிரியில். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனும் சில காலம் நீலகிரியில் ஐரோப்பிய வியாபார ஸ்தாபனம் ஒன்றில் கணக்கராக இருந்தார். இவ்விருவரையும் இங்கே நாம் நினைப்பதற்குக் காரணம், இங்கிலீஷ் கொச்சைக்குத் தமிழ்நாடு அளித்த சொற்களில் மிகப் பிரசித்தமானதும் மிக வெட்கப்பட வேண்டியதும் ஆகிய ஒன்று, இவர்கள் நெற்றியில் ஒட்டப்பட்டிருந்தது.

பறை என்பது வாத்தியம். அதனோடு சேர்த்து ஒரு வகுப்பாருக்கு ஏற்பட்ட பெயரை வெள்ளைக்காரர் 'பரையா' என்று எழுதிக்கொண்டார்கள். 1821-ல் பாரிஸ் நகரத்து நாடக மேடையில் டெலவீன் என்பவர் அந்தப் பெயராலேயே ஒரு நாடகம் நடத்தினார். நாளடைவில் சமூகம் ஒதுக்கிய எவனுக்கும் அது பெயராயிற்று. தெருநாய்க்கும் அதே அடைமொழி. இன்று ஒரு ராஜ்யம் சர்வதேச ஒப்பந்தத்தை மீறினால் அதைப் 'பரையா ராஜ்யம்' என்று லண்டன் பத்திரிகை மட்டுமல்ல, நம் தேசத்து இங்கிலீஷ் பத்திரிகைகளும் தலைப்புப் போடுகின்றன. நம் ஊர் வீதியில் ஒருவரை அதே சொல்லால் இழிவுபடுத்தினால் 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்தால் அது நடை அழகு! இந்தச் சொல்லை வெள்ளைக்காரன் கற்பிக்கவில்லை, நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டான். ஒதுக்கும் காரியத்தைச் செய்தது நாம். பெயரை உலகத்துக்குப் பரப்பினது அவன்.

இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது, அந்தச் சொல்லையே எடுத்துப் 'பறையன்' என்று பெயர் சூட்டினார். எந்தப் பெயரால் தாழ்த்தினார்களோ அந்தப் பெயரோடேயே நிமிர்ந்து நிற்பது அவர் கட்சி. அயோத்திதாசர் அதற்கு உடன்படவில்லை. விரோதிகள் சூட்டிய பெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும், நாம் பூர்வத் தமிழர் என்பது அவர் கட்சி. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர், ஒரே சொல்லின் முன் நின்று, இரண்டு வழி பிரிந்தார்கள். எந்தச் சர்வகலாசாலையின் சொல்லாராய்ச்சியிலும் இவ்வளவு கனமான விவாதம் நடந்ததாக நமக்குத் தோன்றவில்லை. 1934-ல் ஹரிஜன யாத்திரையில் காந்தியடிகள் குன்னூரில் தங்கியபோது எடுத்துச் சொன்ன காரியத்தையே, இம்மலைவாசிகள் நாற்பது வருஷங்களுக்கு முன்பே தமக்குள் வாதித்து முடித்திருந்தார்கள்.

அதே 1893-ல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் கரையிறங்கினார். அங்கே அவரைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். கூலி என்ற சொல்லின் மேல் இரண்டு உரிமையாளர்கள் பிராது போட்டிருக்கிறார்கள்: குஜராத்தின் கோலி ஜாதியார் ஒரு பக்கம், உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியமான நம் தமிழ்ச் சொல் மற்றொரு பக்கம். மேற்குக் கரையில் முதற்சொல் முந்தியிருக்கலாம். நம் தோட்டங்களிலும் இலங்கையிலும் தமிழ்ச் சொல்லே கலந்து அதற்குப் பலம் தந்தது. தமிழில் கூலி என்பது கௌரவமான சொல். செய்த வேலைக்குரிய நியாயம். அதைக் கேட்கிறவனுக்குக் கூலிக்காரன் என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் 'காரன்' உதிர்ந்து, சம்பளமே ஆளுக்குப் பெயராயிற்று. நாட்டாலில் தமிழர்களுக்கு இன்னொரு பட்டமும் இருந்தது. ராமசாமி, முனிசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்து அவர்களைச் 'சாமி' என்றே அழைத்தார்கள். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உமக்கு எஜமான் அல்லவே என்று திருப்பிக் கொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். அதைக் கேட்டு நாணியவர்களும் உண்டு, அடிக்க வந்தவர்களும் உண்டாம்.

நீலகிரித் தோட்டங்களில் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கி மலையேறியவன் வேலையை விட்டுப் போனால், 1859-ம் வருஷத்து 13-வது ஆக்டின்படி ஜெயிலுக்கு அனுப்பலாம். கடன் சிவில் விவகாரம் என்ற சாதாரண விதி இவனுக்கு மட்டும் செல்லவில்லை. 1925-ல் அந்த ஆக்டை ரத்துச் செய்யச் சட்டமியற்றும் வரையில், கூலி வாங்குகிறவன் ஒருவகைக் கைதியே. 'பெரிய துரை', 'சின்ன துரை' என்று தொழிலாளர் பணிந்து சொன்னதைத் தோட்டத்து வெள்ளைக்காரர் அப்படியே இங்கிலீஷில் எடுத்து, முதலெழுத்துக்களைக் கொண்டு தங்களுக்குள் பதவிப் பெயராக வழங்கிக்கொண்டார்கள். நாம் கொடுத்த மரியாதைச் சொல்லை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள். நாம் கொடுத்த ஊதியச் சொல்லை வசையாக எடுத்துக்கொண்டார்கள். யார் நாற்காலியில் இருந்தார், யார் நின்றார் என்பதே இந்த வித்தியாசத்தை உண்டாக்கிற்று.

தோட்டத் தமிழரும் சும்மா இருந்துவிடவில்லை. 1964-ம் வருஷத்து ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. அவர்களையோ அவர்கள் சம்மதத்தையோ கேட்காமல் பண்ணின ஒப்பந்தம் அது. அப்படிக் கப்பலேறி வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அவர்களோடு இலங்கை மலையகத்தின் சொற்களும் வந்து சேர்ந்தன. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக்களம். பட்டாளத்துப் 'பரேடு'தான் அப்படி ஆயிற்று. ஒப்பந்த வேலை கொந்தரப்பு, அது 'காண்ட்ராக்ட்'. முழுநாள் வேலைக்கு ஒரு பேர்; கங்காணி கோபித்துப் பாதிநாள் மட்டும் குறித்தால் அரைப்பேர். தன் பெயரில் பாதியைத்தான் இன்று துரை ஒப்புக்கொண்டார் என்று ஒரு மனுஷி மாலையில் வீடு திரும்பிச் சொல்கிறாள்! இவ்வளவு கசப்பை இரண்டே சொல்லில் அடக்கிய இங்கிலீஷ் கொச்சையை ஹாப்ஸன் ஜாப்ஸனில் நாம் காணவில்லை.

கரிசல் நாட்டுப் பேச்சுக்கு கி. ராஜநாராயணன் தனி ஒருவராகவே ஓர் அகராதி தொகுத்துத் தந்தார். பர்னெலுக்கு ஜட்ஜ் உத்தியோகம் இருந்தது. ராஜநாராயணனுக்கு இடைசெவலில் நிலமும் நண்பர்களின் கடிதங்களும் இருந்தன. நீலகிரிக்கு அத்தகைய அகராதி வேண்டும்: தோட்டத்துத் தமிழ், படகர் பேச்சு, தோடர் ஊர்ப் பெயர்கள், பட்லர் வம்சத்தார் வீட்டில் இன்னும் புழங்கும் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்து. இயந்திரமும் வெளி மாநிலத் தொழிலாளரும் தோட்டத்துக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், பெரட்டுக்களம் என்ற சொல்லைச் சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அறுபது வயது கடந்தவர்களே. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆசிரியர்களும் கலாசாலை மாணவர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஞாயிறுதோறும் ஒரு தோட்டத்துக்குப் போய், சொல்லையும், சொன்னவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதையும், எந்தச் சமயத்தில் அதைச் சொன்னார் என்பதையும் எழுதி வரட்டும். ஊகமான வியாக்கியானங்களைச் சேர்க்க வேண்டியதில்லை. கேட்டது கேட்டபடி இருந்தால் போதும். அவ்விதம் எழுதியனுப்பும் பட்டியல்களுக்கு இப்பக்கத்தில் வாரந்தோறும் ஒரு பத்தி ஒதுக்கிவைத்திருக்கிறோம்.